பற்றறுதலும் மனச்சோர்வும்

இளமையில் மடத்திலிருந்து சித்தாந்த நூல்களைப் பாடங்கேட்டு, முப்பதாண்டுக்கு மேல் தமிழாசிரியனாயிருந்து ஓய்வுபெற்ற யான், நோய்ப்படுக்கையில் அடைந்த மயக்கமொன்றை ஈண்டு மறையாது கூறப் புகுகின்றேன்.

சில ஆண்டுகட்கு முன் ஐப்பசித் திங்களில் மாரடைப்புற்றுப் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையிற் கிடந்தேன். இதயக் குழாயின் அடைப்பு நீக்கப்பட்டது. நுரையீரலில் நீர் கோத்தமையால் மூன்று வாரம் அங்கேயே தங்க நேர்ந்தது. உணவு செல்லவில்லை, பின்னிரவில் உறக்கம் கலைந்தது. பொருநை பெருகிக் குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சூழ்ந்ததென்று மாணாக்கரொருவர் வந்து சொன்னார். ஆண்டுதோறும் கரையில் நின்று யான் காணுங் காட்சி அது. அன்று கேட்கவும் விருப்பெழவில்லை. மாத்திரைகளை விழுங்காது தலையணையின்கீழ் மறைத்தேன். 'இஃது இருவினையொப்பு, உலகப் பற்று அற்றது' என்று என்னையே தேற்றிக்கொண்டேன். மனையாள் அழுதபோதும் அவள் பேதைமைக்கு இரங்கினேனன்றி, என் நிலையை ஐயுற்றேனல்லேன்.

மாத்திரைகளைக் கண்ட செவிலியர் அறிவிக்க, மனநல மருத்துவர் வந்தார். என் மகள் வயதினர். "ஐயா, இந்த இரண்டு வாரமாக மனம் தளர்ந்திருக்கிறதா? முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் விருப்பம் குறைந்திருக்கிறதா?" என வினவினார். "பற்று நீங்கிற்று, அம்மா" என்றேன். "தேவாரம் கேட்டால்?" என்றார். விடை கூறமாட்டாது விம்மினேன். அதுவும் கசந்து பன்னாளாயின!

பற்றறுங்கால் உலகின்மேற் சென்ற விருப்பம் இறைவன்பாற் சென்று பெருகும். உயிர்கள்மேல் இரக்கமும் மிகும். என்பாலோ அவ்வன்பும் வறண்டு, பிறர்க்குச் சுமையானேன் என்னும் எண்ணமும் சாவின்மேல் விருப்பமுமே எஞ்சின. என் நூலறிவு நோயை மறைக்கும் போர்வையாயிற்று.

பசியின்மை, உறக்கமின்மை, சோர்வு ஆகியன உடல்நோயாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். ஆதலின் உடனிருப்போர் 'நோயாளி வருந்துதல் இயல்பே' என்று விட்டுவிடுவர் என அம் மருத்துவர் விளக்கினார். 1993இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், கனடாவின் மான்றியல் நகரில் மாரடைப்புற்ற 222 பேருள், மனச்சோர்வுற்றோரே ஆறு திங்களுள் மிகுதியும் இறந்தமை புலனாயிற்று. தைராய்டுச் சுரப்புக் குறைவோ, உண்ணும் வேறு மருந்தோ காரணமாகுமா என்று முதலில் ஆராய்ந்து, பின்னர்ச் செர்ட்ராலின் என்னும் மருந்தைச் சிறிதளவில் தொடங்கினார். "பலன் தெரியச் சில வாரமாகும்; பொறுத்திருங்கள்" என்றார். நாடோறும் சிறிது நேரம் உரையாடுதல், தாழ்வாரத்தில் நடத்தல், சாவெண்ணம் நீங்குமளவும் தனியே விடாமை என்பனவும் மருந்தோடு சேர்ந்தன. ஆறாம் வாரம், வீட்டில், விடியலில் மனையாள் பாடிய பதிகங்கேட்டு என் கண் நனைந்தது.

சூலைநோய் வருத்தியபோது நாவுக்கரசர் பெருமான் அதனை உள்ளடக்கிக்கொள்ளாது, அடிசிற்காரனைத் திருவதிகைக்கு விடுத்துத் திலகவதியார்க்குச் சொல்லியனுப்பினார் என்பது பெரியபுராண வரலாறு. துன்பத்தைச் சொல்லுதல் பத்திக்குறையாயின் அப்பெரியார் அது செய்யார். நோயாளியைக் காணப் பழங்கொண்டு செல்லும் அன்பர்கள், அவர் மனம் எவ்வாறுளது என்றும் கேட்பாராக. விடை துயரமாயின், அதனைச் சமயவுரையால் மூடிவிடாது மருத்துவர்க்கு உணர்த்துவாராக. 2022 முதல் 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணிலும் எந்நேரமும் ஆலோசனை பெறலாம். யான் அழிய இருந்தவன். கேட்டறிந்து காத்தார் ஒருவர் இருந்தமையின் இதனை எழுதுகின்றேன்.