பேனா வயிற்றுக்குள் ஒரு சண்டை

ஹீரோ பேனாவைத் திறந்து, டியூபை அமுக்கி மை ரொப்பியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த வசதி வருவதற்கு முன்னால் ஃபில்லர்தான். நிப் பகுதியைக் கழற்று, சொட்டு சொட்டாக விடு, கையெல்லாம் நீலம். 1884-ல் லூயிஸ் வாட்டர்மேன் அமெரிக்காவில் வாங்கிய புகழ்பெற்ற பேட்டன்ட்கூட மை ஒழுங்காக நிப்புக்கு இறங்குவதைப் பற்றித்தான். ரொப்புகிற தொல்லை அப்படியே இருந்தது.

பேனாவுக்குள் ஒரு ரப்பர் பை வைத்து, அதை அமுக்கி மையில் முக்கிவிட்டால் தானே உறிஞ்சிக்கொள்ளும். சரி, உள்ளே இருக்கும் பையை வெளியிலிருந்து எப்படி அமுக்குவது? சண்டையே இதில்தான்.

ஓஹையோவின் டொலிடோ ஊர்க்காரர் ராய் காங்க்ளின் பேனாவின் பக்கவாட்டில் பிறை மாதிரி ஓர் உலோகத் துண்டை நீட்டி வைத்தார். அதை அழுத்தினால் உள்ளே ஒரு பட்டை பையை நசுக்கும். தெரியாமல் அழுந்திவிடாமல் இருக்க ஒரு வளையப் பூட்டு வேறு. பார்க்க என்னவோ கட்டி வந்தது போலத்தான் இருக்கும்! ஆனால் மார்க் ட்வைனுக்கு அந்தக் கட்டிதான் பிடித்தது. மேஜையிலிருந்து பேனா உருண்டு விழாதாம், திட்டுவது மிச்சமாம். அவர் பாராட்டைக் கம்பெனி விளம்பரத்தில் போட்டுக்கொண்டது.

அயோவாவில் நகைக்கடை வைத்திருந்த வால்டர் ஷீஃபர் காங்க்ளின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் புடைப்பு இல்லாமல் முடியாதா என்று யோசித்தார். பேனா உடம்போடு படிந்து கிடக்கும் ஒரு சின்ன நெம்புகோல். நகத்தால் தூக்கினால் பை அமுங்கும், மடக்கினால் மறைந்துவிடும். 1908-ல் பேட்டன்ட் கிடைத்தது. 1913-ல், நாற்பத்தைந்து வயதுக்கு மேல், சேமிப்பைப் போட்டு பேனா கம்பெனி ஆரம்பித்தார். நகைக்கடை நன்றாக நடக்கும்போது எத்தனை பேருக்கு இந்தத் துணிச்சல் வரும்?

வாட்டர்மேன் கம்பெனி பட்ட பாடுதான் தமாஷ். ஒரு மாடலில் பேனாவின் உறையை நகர்த்தி உள்ளே விரலால் அமுக்க வேண்டும். இன்னொன்றில் ஒரு பிளவு இருக்கும், அதில் காசை நுழைத்து அழுத்த வேண்டும். சட்டைப்பையில் சில்லறை இல்லாதவன் எழுதவே முடியாது போல! கடைசியில் அவர்களும் தங்கள் பாணியில் ஒரு நெம்புகோலுக்கே வந்து சேர்ந்தார்கள்.

அந்த ரப்பர் பைகள் இன்று கல்லாய் இறுகியோ பிசுபிசுத்தோ போயிருக்கும். பழைய பேனாவைப் பிரித்து ரிப்பேர் செய்பவர்களுக்கு, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டு வரைந்த பேட்டன்ட் படங்கள்தான் வழிகாட்டி. ஆரம்பகால ஷீஃபர் பேனாக்களின் உடம்பிலேயே 1908 ஆகஸ்ட் 25 என்ற பேட்டன்ட் தேதி பொறித்திருக்கும். கூகுள் பேட்டன்ட்ஸில் அந்தத் தேதியை வைத்துத் தேடிப் பாருங்கள், படம் கிடைக்கும்.