தாஷ்கண்ட் – சியோல்: இன்று ஆறரை மணி நேரம்... அன்று ஒரு மாதம்!

தாஷ்கண்ட் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு லால் பகதூர் சாஸ்திரி ஞாபகம்தான் வரும். 1966 ஜனவரியில், பாகிஸ்தானுடன் ஒப்பந்தம் கையெழுத்தான சில மணி நேரத்தில் அவர் காலமானது அங்கேதான். உஸ்பெகிஸ்தானின் தலைநகரான இந்த ஊரிலிருந்து தென்கொரியாவின் சியோலுக்குக் கிளம்பும் விமானத்தில், கொரிய முகமும் ரஷ்யப் பேச்சுமாகப் பலரைப் பார்க்கலாம். யார் இவர்கள்?

அதற்கு முன் பயணக் கணக்கு. இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 4,850 கி.மீ. சியோலிலிருந்து தாஷ்கண்டுக்கு நேரடி விமானத்தில் ஏழரை மணி நேரத்துக்குக் குறையாது. திரும்பும்போது ஆறரை மணி நேரம் போதும். தூரம் ஒன்றுதானே, ஏன் இந்த வித்தியாசம்? பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்றுதான் காரணம். குளிர்காலத்தில் இது மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும். கிழக்கே போகும் விமானத்தைத் தள்ளிவிடும். மேற்கே வரும் விமானத்தை எதிர்த்து நிற்கும்.

கடிகாரமோ வேறு கணக்கு சொல்லும். சியோல் நான்கு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தாஷ்கண்டில் இரவு 10 மணிக்கு ஏறினால், சியோலில் இறங்கும்போது காலை 8.30. பாதி ராத்திரி பறிபோயிருக்கும்!

இனி அந்தப் பயணிகள். இவர்களின் முன்னோர்கள் 19-ம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி, கொரிய எல்லையைத் தாண்டி ரஷ்யாவின் விளாதிவோஸ்தோக் பக்கம் குடியேறியவர்கள். 1937 ஆகஸ்டில் ஸ்டாலினும் மொலோடோவும் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார்கள். ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்ற சந்தேகம்தான் காரணம். சுமார் 1,72,000 பேர் சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டு, கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பப்பட்டார்கள். பயணம் ஒரு மாதம், சில ரயில்களுக்கு அதற்கும் மேல். குழந்தைகளும் முதியவர்களும் வழியிலேயே இறந்தார்கள். போய் இறங்கிய பலருக்கு வீடுகூட இல்லை. மண்ணைத் தோண்டி, குழிக்குள் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

சாப்பாட்டுக்கும் திண்டாட்டம். கிம்ச்சி போட ஏற்ற முட்டைக்கோஸ் அங்கே கிடைக்கவில்லை. கேரட்டை மெல்லிய குச்சிகளாகச் சீவி, வினிகர், பூண்டு, மிளகாய், கொத்தமல்லி விதை சேர்த்து, சூடான எண்ணெய் ஊற்றிப் பிசறினார்கள். ‘மார்கோவ்சா’ என்ற அந்தக் கேரட் சாலட் இன்று தாஷ்கண்டின் குய்லுக் சந்தையில் குவியல் குவியலாக விற்கிறது. கொரியாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதுப் பண்டம்!

சோவியத் யூனியன் உடைந்த பிறகு, பேரன் பேத்திகள் வேலைக்காகக் கொரியா திரும்பத் தொடங்கினார்கள். அங்கும் ஒரு சிக்கல் காத்திருந்தது. ‘வெளிநாட்டுக் கொரியர்’ என்ற சலுகை மூன்றாம் தலைமுறையோடு நின்றுபோனது. பெற்றோருடன் வந்து அங்கேயே படித்த நான்காம் தலைமுறைப் பிள்ளைகள், வயது வந்ததும் வெளிநாட்டவராகி நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டிய நிலை. 2019-ல்தான் இந்த விதி மாறியது.

சியோல் பக்கத்தில் இருக்கும் ஆன்சான் நகரில் இவர்கள் நிறையப் பேர் வசிக்கிறார்கள். அங்கே கடைப் பலகைகளில் கொரிய எழுத்தோடு ரஷ்ய எழுத்தும் இருக்கும். உள்ளே உஸ்பெக் ரொட்டி. பக்கத்திலேயே கேரட் சாலட்.