பழைய வானொலிப் பெட்டியின் மெருகு

கீரமங்கலத்து இல்லங்களில் பித்தளை மங்கினால் புளியிட்டு விளக்குவர்; மரம் மங்கினால் எண்ணெய் பூசுவர். பேக்கலைட்டு மங்கினால் யாது செய்வதென அறிந்தார் சிலரே. எம் பாட்டனார் இலங்கை வானொலி கேட்டு மகிழ்ந்த பெட்டி அப்பொருளால் ஆயது. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் எம்மூர்த் தென்னந்தோப்புகளை வீழ்த்திய இரவில், ஓடு பெயர்ந்த கூடத்தில் அது நனைந்து ஒளியிழந்தது. வால்வுகள் கெட்டு அது பாடாதொழிந்ததோ அதற்கும் நெடுநாள் முன்பே.

பேக்கலைட்டு, லியோ பேக்லண்டு என்பார் 1907-இல் கண்டது. பீனாலும் பார்மால்டிஹைடும் கூடிய பிசினில் மரத்தூளைக் கலந்து, அச்சிலிட்டு, வெம்மையாலும் அழுத்தத்தாலும் இறுகச் செய்வர். இறுகியது மீண்டும் உருகாது. மேற்பரப்பில் பிசின் மிக்கிருத்தலின் பளபளப்புத் தோன்றும். அது தேய்ந்தவழி மரத்தூள் வெளிப்பட்டு நீரை உறிஞ்சும். ஆதலின் ஊறவைத்தல் ஆகாது, உப்புத்தாளோ பெருங்கேடு.

ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, பித்தளை துலக்கும் பசையை மெல்லிய துணியில் சிறிதே தொட்டுச் சுழற்றித் தேய்த்தேன். துணியில் ஏறிய பழுப்புநிறம் பெட்டியின் மேனியே. அளவறிந்து நிறுத்தல் வேண்டும். நான்கு மாலைகளில் முகப்பு ஒளிபெற்றது. திருகின் அருகே பாட்டனாரின் பெருவிரல் தேய்த்த தடம் மட்டும் மங்கலாய் நின்றது. அதனையும் போக்குக என்றார் தந்தையார். பார்வை குன்றிய பாட்டியார் பெட்டியைத் தடவிவந்து, அவ்விடத்தில் விரல் நின்றதும், “அவுக பெட்டிதான்” என்றார்.

அங்கே மெழுகு மட்டும் பூசினேன்.