பொட்டைத் தாண்டிய மாவு

சென்னை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தங்கச்சிக்கு,

போனை வைத்த பிறகும் உன் மகன் அழுத சத்தம் காதிலேயே இருக்கிறது. "அடுப்படிக்கு வராதேன்னா கேக்கவே மாட்டேங்குறான்" என்றாய். நாலு வயதுப் பிள்ளை கற்றுக்கொள்ளத்தான் வருகிறான். உள்ளே விடு.

எங்கள் பாலர் வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் பிடி கொழுக்கட்டை. வெந்நீர் ஊற்றி வெல்லமும் தேங்காயும் போட்டுக் கிளறுவது நாங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மாவு பிள்ளைகளுக்கு. முதல் வாரம் உதிர்ந்து போகும். நாலாவது வாரம் விரல்தடம் பதிந்து நிற்கும். வெந்த தட்டில் தன் தடத்தைத் தேடி, "இது என்னுது" என்று எடுப்பார்கள். பென்சில் பிடிக்கிற வலு விரலுக்கு இப்படித்தான் வருகிறது. அதற்குள் அவனுக்கு நாலு கோடு நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையிலும் எழுத்துக்கு முன்னால் ஊற்றுவது, அள்ளுவது, துடைப்பதுதான். அதுவும் விளையாட்டுச் சொப்பில் இல்லை. பிள்ளை கைக்கு அடங்கும் நிஜச் சொம்பில்.

இட்லிக்கு ஊறப்போடும்போது அவனையே அளக்கச் சொல். நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. சிந்தினால் அவனே பொறுக்கட்டும். அரைத்த மாவை ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி ஊற்றி, மாவு நிற்கும் இடத்தில் உன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டச் சொல். காலையில் மாவு பொட்டைத் தாண்டியிருக்கும். எங்கள் வகுப்பில் ஒரு குட்டி, "ராத்திரி யாரு மிஸ் ஊத்துனா?" என்று கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மாவைத் தின்று வெளியே விட்ட காற்று என்றேன். அன்று இட்லியைப் பிட்டுப் பிட்டு ஓட்டைகளை எண்ணிக்கொண்டே தின்றாள்.

குக்கர், எண்ணெய்ச் சட்டி பக்கம் மட்டும் விடாதே. முழு வேர்க்கடலையும் கொடுக்காதே, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஆம்பளப் பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று உன் மாமியார் கேட்டார்களாமே. நீ பிறந்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் எனக்கு ரசம் வைத்துச் சோறு போட்டது நம் அப்பா. அதை அவர்களிடம் சொல்.

சனிக்கிழமை மாவு அரைக்கும்போது அவனைக் கூப்பிட்டுக்கொள். மறுநாள் மாவு பொட்டை எவ்வளவு தாண்டியது என்று அவனே பெரியம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லட்டும்.

அன்புடன்,
உன் அக்கா