ஒரே பெயரில் இரண்டு வைசர்

தரங்கம்பாடிக்குப் பாதிரிமார்களை அனுப்பிய ஜெர்மனியின் ஹாலே நகரம் அமெரிக்காவுக்கும் ஆள் அனுப்பியது. அப்படிப் போனவர்களில் ஒருவர், 1742இல் பென்சில்வேனியா சேர்ந்த ஹைன்ரிஷ் மெல்கியோர் ம்யூலன்பெர்க். 1745இல் அவர் மணந்த அன்னா மரியா யார் வீட்டுப் பெண் என்று பார்க்கப் போய்த்தான் வைசர் குடும்பத்துக்குள் நுழைந்தேன்.

அவளுடைய அப்பா பெயர் யோஹான் கொன்ராட் வைசர். தாத்தா பெயரும் அதேதான். அம்மா அன்னா ஈவா, பாட்டி அன்னா மக்தலேனா. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு யோஹான், ஓர் அன்னா.

அக்கால ஜெர்மன் வீடுகளில் இது சகஜம். ஞானஸ்நானத்தில் பெரும்பாலும் இரண்டு பெயர் வைப்பார்கள். அண்ணன் தம்பி எல்லோருக்கும் முன்பெயர் யோஹானாக இருக்கும். கூப்பிடுவது இரண்டாவது பெயரைச் சொல்லி. அந்தப் பெயரும் பல சமயம் ஞானப்பெற்றோருடையது. குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறப்பதற்கு அதே பெயரை வைப்பதும் உண்டு. அதனால் பதிவேட்டில் பெயரைக் கண்டதும் நின்றுவிடாமல், அடக்கப் பதிவையும் புரட்ட வேண்டும்.

வைசர்களைப் பிரித்துக் காட்டியவை வயதும் ஊரும்தான். 1709இல் மனைவியை இழந்த தந்தை, அதாவது அன்னா மரியாவின் தாத்தா, பிள்ளைகளோடு வூர்ட்டம்பெர்க்கிலிருந்து லண்டன் வழியாகக் கிளம்பி 1710இல் நியூயார்க் வந்தார். குடியேறிகளுக்கு உணவளித்த ஆளுநர் ராபர்ட் ஹண்டரின் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் பத்து வயதுக்கு மேல் இத்தனை பேர், கீழே இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கை. 1696இல் பிறந்த மகனுக்கு அப்போது 13 வயது. ஆகவே அந்தக் கணக்கில் வரும் வைசர் தந்தைதான். 1718இல் குடியேறிகளின் நிலத் தகராறுக்காக லண்டன் போனவரும் அவரே. 1729இல் பென்சில்வேனியாவின் டல்பஹாக்கன் பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்து, பூர்வகுடிகளான இரோக்வாய் மக்களுக்கும் பென்சில்வேனியா அரசுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் மகன். தந்தை 1746 வரை உயிரோடிருந்தார். அதுவரையிலான ஆவணங்களில் வெறுமனே ‘கொன்ராட் வைசர்’ என்றிருந்தால் இடத்தையும் தொழிலையும் பார்த்துத்தான் முடிவுகட்ட முடியும்.

மகன் தன் வரலாற்றை எழுதி வைத்ததால் இங்கே வேலை எளிதாயிற்று. எழுதி வைக்காத குடும்பங்களுக்கு வம்ச ஆய்வாளர் ஹென்றி ஜோன்ஸ் ஒரு வழி காட்டினார். 1985இல் வெளியான அவருடைய நூல், நியூயார்க் வந்த 847 குடும்பங்களைப் பற்றியது. ஒருவரை மட்டும் துரத்தாமல், அவருடைய பிள்ளைகளுக்கு ஞானப்பெற்றோராக நின்றவர்களையும் கூட வந்தவர்களையும் ஜோன்ஸ் தேடினார். ஒரு குடும்பத்தின் ஊர் தெரிந்தால், அக்கம்பக்கத்துக் கிராமங்களின் தேவாலயப் பதிவேடுகளில் மற்றவர்களும் அகப்பட்டார்கள். 1727 முதல் பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள் அரசருக்கான விசுவாசப் பிரமாணத்தில் போட்ட கையெழுத்துகளும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை உயிலில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை: பழைய பதிவுகளில் ‘மூத்தவர்’, ‘இளையவர்’ என்றிருந்தால் அவர்கள் தந்தையும் மகனுமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரியப்பாவும் தம்பி மகனுமாக இருக்கலாம். உறவே இல்லாத இருவராகவும் இருக்கலாம்.

பெயர் பொருந்துவதை மட்டும் வைத்து யாரையும் யாருக்கும் மகனாக்கிவிடாதீர்கள். மனைவி பெயர், ஊர், ஞானப்பெற்றோர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகும்வரை வம்சாவளி வரைபடத்தில் அந்தக் கோட்டைப் பென்சிலிலேயே போட்டு வையுங்கள்.