சூடானால் ஏறாத டிராக்டர்

எங்கள் வீட்டுப் பின்புறம் பிட்ஸ்பர்க் பக்கத்து வீடுகளுக்கே உரிய சரிவு. பார்க்க அழகாக இருக்கும். புல் வெட்டுகிறவனுக்குத்தான் தெரியும் அதன் அருமை. அடிவாரத்தில் ஓடை. பதினேழு வருடமாக அந்தச் சரிவில் ஏறி இறங்கிய என் கார்டன் டிராக்டர் போன கோடையில் ஒரு புதுப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. காலையில் குதிரை மாதிரி ஏறும். அரை மணி ஓடிய பிறகு, பாதி மேட்டில் எஞ்சின் உறுமும், சக்கரம் சுற்றாது. ஒரு நாள் பெடலை முன்னால் அழுத்தியபடி இருக்கும்போதே வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

"வித்துத் தொலைங்க, ஆள் வெச்சு வெட்டிக்கலாம்" என்றாள் மனைவி. மகன் போனில் அதையே இங்கிலீஷில் சொன்னான்.

இந்த வண்டியில் கிளட்சும் இல்லை, மாற்றுவதற்குக் கியரும் இல்லை. ஹைட்ரோஸ்டாடிக் டிரான்ஸ்மிஷன். பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது, பம்பு எண்ணெயை அழுத்தி ஒரு மோட்டாருக்கு அனுப்புகிறது, மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. பம்புக்குள் சின்னச் சின்ன பிஸ்டன்கள். அவற்றுக்கு எதிரே சாயக்கூடிய தட்டு ஒன்று. பெடலை அழுத்தும்போது நாம் மாற்றுவது அந்தத் தட்டின் சாய்வைத்தான். ஒரு பக்கம் சாய்ந்தால் முன்னால், மறுபக்கம் சாய்ந்தால் பின்னால். 1967லேயே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்காரர்கள் 656 என்ற வயல் டிராக்டரில் இதை வைத்து விற்றார்கள்.

பலர் யோசிக்காத விஷயம் ஒன்று. பெடலிலிருந்து காலை எடுத்ததும் சரிவில் வண்டியைப் பிடித்துக்கொள்வதும் அதே எண்ணெய்தான். உள்ளே தேய்மானம் வந்து எண்ணெய் கசிந்தால், ஏறும் பலத்தோடு இறங்கும்போது இருக்கிற பிடிமானமும் போகும். எண்ணெய் சூடாகி நீர்த்தால் கசிவு இன்னும் கூடும். அதனால்தான் காலையில் நல்ல பிள்ளை. மனைவியின் பயத்தில் நியாயம் இருந்தது.

ஆனாலும் காசைச் செலவழிக்கும் முன் சில்லறை விஷயங்களைப் பார்த்தேன். பெல்ட் வழுக்குகிறதா, அதை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் தளர்ந்ததா, வண்டியைக் கையால் தள்ளுவதற்கான பின்பக்க லிவர் முழுதாக உள்ளே போயிருக்கிறதா, குளிர்விக்கும் விசிறியின் இறக்கை உடைந்திருக்கிறதா. எல்லாம் சரி. டிரான்ஸ்மிஷன் மேல் மட்டும் காய்ந்த புல் மெத்தை மாதிரி அப்பியிருந்தது. சுரண்டி எடுத்தும் நோய் தீரவில்லை.

புது யூனிட் எண்ணூறு டாலரை ஒட்டி வந்தது. புது டிராக்டர் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். எஞ்சின் நன்றாக இருந்ததால் யூனிட்டையே வாங்கினேன்.

வேலையில் பாதி நேரத்தைத் தின்றது சக்கரம்தான். அச்சோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. துரு நீக்கும் எண்ணெயை அடித்து, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டினேன். சக்கரத்துக்குள் இருக்கும் சின்ன இரும்புச் சாவி கீழே விழுந்து தொலையும், பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியைத் தூக்கி நிறுத்த ஜாக் ஸ்டாண்டு வேண்டும். சிமெண்டுக் கல் வேண்டவே வேண்டாம், சொல்லாமல் பிளந்துவிடும்.

பழைய யூனிட்டில் எண்ணெய் வடிக்கத் திருகே இல்லை. கழற்றிக் கவிழ்த்தால்தான் வரும். கவிழ்த்தேன். எண்ணெயில் வெள்ளித்தூள் மினுமினுத்தது. அத்தனையும் தேய்ந்த உலோகம். எண்ணெய் மட்டும் மாற்றியிருந்தால் கொஞ்ச நாள் ஓடி, திரும்ப அதே கதைதான்.

புதியதை மாட்டியதும் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். பின்சக்கரங்கள் தரையில் படாமல், தள்ளும் லிவரை இழுத்துவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பெடலை முன்னும் பின்னும் ஐந்தாறு தடவை மெல்ல அழுத்த வேண்டும். பிறகு லிவரை உள்ளே தள்ளிவிட்டு மறுபடியும் அதே. முதலில் முனகியது, அப்புறம் அடங்கிவிட்டது.

இப்போது ஒவ்வொரு தடவை வெட்டி முடித்ததும், வண்டி ஆறின பிறகு, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் யூனிட் மேல் இருக்கும் புல்லைத் தட்டிவிடுகிறேன். இரண்டு நிமிட வேலை. போன சனிக்கிழமை வெயிலில் ஒன்றரை மணி நேரம் வெட்டிவிட்டு, வேண்டுமென்றே கடைசியாகச் சரிவுக்குப் போனேன். ஏறியது. இறங்கும்போது பாதியில் காலை எடுத்தேன், நின்றது. மனைவி சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பென் ஹில்ஸ் கோயிலில் சந்திக்கும் நண்பர்கள் யாருக்காவது வண்டி மேட்டில் திணறினால் சொல்லுங்கள். ஜாக் ஸ்டாண்டு இரண்டு ஜோடி என்னிடம் சும்மாதான் கிடக்கிறது.