காட்டுக்குள் ஒரு கிணறு

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களில் கனபேருக்கு வன்னி என்பது கொழும்பு பஸ்ஸின் யன்னலுக்கு வெளியே ஓடுகிற ஒரு பச்சை நிறம் மட்டும்தான். ஆனையிறவில் உப்புக்காற்று, கிளிநொச்சியில் ஒரு தேத்தண்ணி, முறிகண்டியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் எங்களுக்கு ஒரு பை கச்சானும். பிறகு நித்திரை. கண் முழிக்க வவுனியா வந்துவிடும். ஏ9 வீதி 321 கிலோமீற்றர். அதில் எங்கள் பக்கத்துக் காட்டை நாங்கள் பார்ப்பதில்லை, கடந்து போகிறோம், அவ்வளவுதான்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. இத்தனைக்கும் அம்மா பிறந்து வளர்ந்தது அந்தக் காட்டின் கரையில். நெடுங்கேணிப் பக்கம் ஒரு சின்னக் குடியிருப்பு. ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை, காணி விசயம் இன்னும் முடியாததால். 2002இல் சமாதான காலத்தில் ஏ9 திறந்தபோது அம்மா கலியாணம் கட்டி யாழ்ப்பாணம் வந்தா. 2006 ஆகஸ்டில் பாதை திரும்பப் பூட்டுப்பட்டது. அம்மா இந்தப் பக்கம், அம்மம்மாவும் அம்மப்பாவும் அந்தப் பக்கம். 2009இல் முகாமில் இருந்து அம்மம்மா மட்டும்தான் வந்தா. அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறா.

2024 ஆடியில் மாமா கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் ஒரு ட்ரிப் போகவேணும் என்று ஹயஸ் வான் ஒன்றைப் பிடித்தார். அவருக்கு ஊரைப் பார்க்கிற ஆசை, மச்சாளுக்குக் காட்டைப் படம் எடுக்கிற ஆசை. அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனா விடிய நாலு மணிக்கே புட்டு அவித்து, வாழையிலையில் கட்டி, சீலை மாற்றிக்கொண்டு விறாந்தையில் இருந்தா.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஏ34. அங்கேதான் காடு உண்மையாகத் தொடங்குகிறது. சோளகக் காற்றுக் காலம், மழை கண்டு மாதக்கணக்காகியிருந்தது. இந்தப் பக்கத்துக்குப் பெருமழை ஐப்பசிக்குப் பிறகுதான். ஆனாலும் மரங்கள் பச்சையாகத்தான் நின்றன. பாலையும் வீரையும் கோடையிலும் இலை முழுக்கக் கொட்டாத மரங்கள். அவற்றுக்கு இடையில் முதிரை, கருங்காலி. பாலைப்பழக் காலம் முடிகிற நேரம். ஒட்டுசுட்டானுக்கு முன்னம் ரோட்டோரத்தில் ஒரு பெடியன் பேணியால் அளந்து பழம் விற்றான். மச்சாள் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். பாலைப்பழத்தில் பால் இருக்கிறது, சொண்டு ரெண்டும் ஒட்டிக்கொண்டுவிடும். அவள் முழிச்ச முழியைப் பார்த்து அம்மம்மா அன்றைக்கு முதல்தரம் சிரிச்சா. "கரடிக்கும் உதெண்டா உயிர். பழக்காலத்தில காட்டுக்குள்ள போனா மேலையும் பாக்கவேணும், கீழையும் பாக்கவேணும்."

கற்சிலைமடு வந்தது. 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகச் சொல்லி ஆங்கிலேயர் கல் நாட்டிய இடம். வன்னிக்கு அடங்காப்பற்று என்றும் ஒரு பெயர் உண்டு. ஆனா இந்த நிலத்தில் யார் இருந்தார்கள் என்பதை எப்போதும் யாரோ வெளியிலிருந்து வந்தவர்கள்தான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது.

நெடுங்கேணி வீதியில் திரும்பியதும் மச்சாள் யன்னலைத் திறந்துவிட்டு, "மச்சாள், இதுதான் ரியல் வில்டர்னஸ்" என்றாள்.

அந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். காடு என்றால் சரிவராது, காட்டில் எங்கள் ஆட்கள் விறகும் தேனும் எடுத்திருக்கிறார்கள், மாடு மேய்த்திருக்கிறார்கள். வனாந்தரம் என்பது வேதாகமத்தில் வருகிற சொல். மனிசரே இல்லாத, மனிசர் தொடாத நிலம் என்ற எண்ணத்துக்கு அம்மம்மாவின் பேச்சில் ஒரு சொல்லும் இல்லை. அவவுக்கு ஒவ்வொரு துண்டுக் காட்டுக்கும் தனிப் பெயர் இருந்தது. இன்னாரின் குளம், கரடி விழுந்தான், ஐயனார் மரத்தடி. எங்களுக்கு ஒரே பச்சையாகத் தெரிந்ததை அவ ஒரு தெருவைப் போல வாசித்துக்கொண்டு வந்தா.

குடியிருப்பின் பழைய சந்தியில் வானை விட்டுவிட்டு, அம்மம்மாவின் அயலட்டைப் பெடியன் ஒருவரின் லாண்ட் மாஸ்டரில் ஏறினோம். இப்போது அவருக்கு நாற்பது வயது, அம்மம்மாவுக்கு இன்னும் பெடியன்தான். ஐயனார் கோயிலுக்குச் சனம் போய்வருகிற பாதை. "பாதையை விட்டு இறங்கக் கூடாது தங்கச்சி" என்று மச்சாளுக்கு இரண்டு தரம் சொன்னார். மிதிவெடி அகற்றி முடித்த பகுதிதான், ஆனாலும் சனத்துக்கு அந்தப் பழக்கம் போகாது. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்ததே 2017 டிசம்பரில்தான். முகமாலையில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

காட்டுக்குள் நுழைகிற இடத்தில் அம்மம்மா ஒரு குழை முறித்து ஐயனாருக்கு வைத்தா. கொஞ்சத் தூரத்தில் ஒரு எல்லைக்கல். அதிலிருந்து உள்ளே ஒதுக்கக் காடு. எங்கள் காணி கல்லுக்கு உள்பக்கம்.

வடக்கில் இது எங்களுக்கு மட்டும் நடந்த கதை இல்லை. சனம் இடம்பெயர்ந்து போக, வயலும் வளவும் பற்றையாகி, பற்றை மரமாகி, பிறகு காடு என்று வர்த்தமானியில் வந்துவிட்டது. அம்மப்பாவிடம் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் இருந்தது. 2009இல் அது எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. பெர்மிட் இல்லாமல் கதைக்க ஏலாது என்று ஒரு கந்தோரில் அம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள்.

நான் புவியியல் படிக்கிறேன். காட்டைக் காப்பாற்றவேணும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதிரையும் பாலையும் இரவோடு இரவாக லொறியில் போவதும், ஆற்று மணல் அள்ளுவதும், வழி அடைபட்ட யானை வயலுக்குள் வருவதும் எல்லாம் உண்மை. வருகிற வழியில் மின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அலியன் தனியே நின்றதைப் பார்த்தோம். அதற்கும் ஒரு இடம் வேணும்தானே. அதனால் "எங்கட காணியைத் தா" என்று கத்துவது எனக்கு அவ்வளவு இலேசாக வராது.

ஆனா அந்த இடத்தில் நின்று பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகத் தெரிந்தது. பாலை மெல்ல வளர்கிற மரம். கட்டிப்பிடிக்க ஏலாத பருமனில் ஒரு பாலை நின்றால் அது பழங்காடு. எல்லைக்கல்லுக்கு உள்ளே முதல் கொஞ்சத் தூரத்துக்கு அப்படி ஒரு மரமும் இல்லை. எல்லாம் கைத்தடி மொத்தத்தில் நெருக்கி நிற்கிற இளமரமும் முட்பற்றையும். அதற்கு நடுவில் மூன்று தென்னை. ஒன்றுக்குத் தலை இல்லை. வன்னிக் காட்டுக்குள் தென்னை தானாக முளைக்காது. யாரோ கிடங்கு வெட்டி, நட்டு, தண்ணி ஊற்றியிருக்க வேணும். பக்கத்தில் ஒரு புளி, ஒரு மா. பிறகு கிணறு. கட்டு ஒரு பக்கம் உடைந்திருந்தது. உள்ளே தண்ணி கிடந்தது, அதில் ஒரு தவளை.

அம்மம்மா கிணற்றுக்கட்டைத் தொட்டுக்கொண்டு கனநேரம் நின்றா. அழவில்லை. மாமாதான் அழுதார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார், "விடுங்கோ அம்மா. இந்த வயசில உங்களுக்குக் காணி என்னத்துக்கு? ஆர் வந்து இதுக்குள்ள இருக்கப் போறது? நான் காசு அனுப்பிறன், யாழ்ப்பாணத்தில நிம்மதியா இருங்கோ."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவரும் வரமாட்டார், நானும் கமம் செய்யப் போவதில்லை.

"காணி வேணுமெண்டு நான் எப்ப சொன்னனான்?" அம்மம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னா. "நாங்கள் இஞ்சை இருந்தனாங்கள் எண்டு அவை ஒரு கடுதாசியில எழுதித் தரட்டும். கொப்பரும் நானும் வெட்டின கிணறு இது எண்டு எழுதட்டும். பிறகு காடு நிக்கிறதெண்டா நிக்கட்டும். யானை வந்து குடிக்கட்டும். எனக்கென்ன."

அதுக்குப் பிறகு மாமா ஒன்றும் கதைக்கவில்லை. புட்டை அந்தப் புளிக்குக் கீழே இருந்துதான் சாப்பிட்டோம்.

திரும்பி வரும்போது மச்சாள் கனநேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஒவ்வொரு சமரும் ரொறொன்ரோவிலிருந்து வடக்கே அல்கொன்குவின் பூங்காவுக்குக் கூடாரம் அடிக்கப் போகிறவர்கள். 1893இல் உருவாக்கிய பூங்கா அது. அந்த நிலமே அல்கொன்குவின் பழங்குடி மக்களின் நிலவுரிமைக் கோரிக்கைக்குள் வருகிறது என்று வாசித்துக் காட்டினாள். "நாங்க போய் நிக்கிற இடமும் ஆற்றையோ வளவு, என்ன மச்சாள்?" என்று கேட்டாள். அந்த நாளில் வில்டர்னஸ் என்ற சொல்லை அவள் பிறகு சொல்லவில்லை.

அவள் எடுத்த படங்களில் திகதியும் இடமும் பதிவாகியிருந்தன. கிணறு, தென்னை, புளி, எல்லைக்கல், எல்லாவற்றையும் எனக்கு அனுப்பினாள். அயலட்டையில் இருந்த மூன்று குடும்பங்கள் சாட்சிக் கடிதம் தர ஓமென்றிருக்கிறார்கள். அம்மாவும் நானும் இப்போது முறைப்பாட்டைத் திரும்ப எழுதுகிறோம். இந்த முறை காணியைக் கேட்டு அல்ல, முதலில் அங்கே இருந்ததைப் பதியச் சொல்லி. அது கிடைக்குமா என்று சொல்லத் தெரியாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வளவு இருந்தால், தெரிந்தவர்கள் இருக்கும்போதே மரங்களைக் கேட்டு எழுதி வையுங்கோ. உறுதி தொலையும், பெர்மிட் தொலையும். எந்த மூலையில் என்ன நின்றது என்று அம்மம்மாக்களுக்குத்தான் தெரியும். போன கிழமை என் பட்டியலை வாசித்துக் காட்டினேன்: தென்னை 3, புளி 1, மா 1, கிணறு 1. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கிணத்துக்கு வடக்கால ஒரு எலுமிச்சை நிண்டது, அது பட்டிருக்கும். எண்டாலும் எழுது" என்றா. எழுதினேன்.